வன்னியிற் செய்தித் தொடர்பும் வணிகமும்: ஒரு வரலாற்று நோக்கு

'எண்ணிம இடைவெளி' என்னுந் தொடர் இன்று பொருளியலாளர், கல்வியியலாளர், அரசியல்வாதிகள் ஆகிய முத்திறத்தாராலும் எடுத்தாளப்படுவதொன்றாகும். 1990களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் அறிக்கைகள் வாயிலாகப் பரவிய இத்தொடர், கணினியும் இணையமும் வாய்க்கப்பெற்றோர்க்கும் வாய்க்கப்பெறாதோர்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சுட்டுவது. வறிய நாடுகள் இணையவழி வணிகத்திற் பின்தங்கியமைக்குக் காரணங் கூற முற்படுவோர் இத்தொடரையே முதலிற் கையாள்வர். ஆயின் இத்தொடரினுள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. எல்லாச் சமுதாயங்களும் ஒரே பாதையில் ஒரே திசை நோக்கிச் செல்கின்றன. சில முன்னே சென்றுவிட்டன, சில பின்னே வருகின்றன. பின்னே வருவன சற்று விரைந்து நடப்பின் இடைவெளி ஒழியும் என்பதே அவ்வெடுகோளாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு இவ்வெடுகோளுக்கு இடங்கொடுப்பதாயில்லை. இங்கு புகையிரதம் வந்து பின் இல்லாமற் போயிற்று; தொலைபேசி வந்து பின் அறுந்தது; மின்சாரம் வந்து பின் அணைந்தது. வன்னியின் இடைவெளி நடக்கத் தெரியாதவன் பின்தங்கிய இடைவெளியன்று. நடந்துகொண்டிருந்தவனின் பாதையை வெட்டியதால் உண்டான இடைவெளி அது.

வன்னி நெடுங்காலமாகக் குளங்களின் நாடாகவும் காடுகளின் நாடாகவும் அறியப்பட்டது. வன்னியர்கள் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தியமையை வரலாற்று மாணவர் அறிவர். தேன், மெழுகு, மரம், நெல் என்பன இங்கிருந்து வெளியே சென்றன. உப்பும் துணியும் உள்ளே வந்தன. பிரித்தானிய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் படிப்போர்க்கு, குடித்தொகை அருகிய, காய்ச்சலால் நலிந்த, ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு மண்டிய ஒரு நிலத்தின் தோற்றம் புலனாகும். அக்காலத்திற் செய்தி என்பது ஆளோடு சென்ற பொருள். இலங்கையில் 1858 இல் தந்திச் சேவை தொடங்கப்பட்டதெனினும், கம்பி சென்ற வழியும் மக்கள் வாழ்ந்த வழியும் ஒன்றாயிருக்கவேண்டும் என்ற நியதியில்லை. பேரரசு தன் தேவைக்காக நாட்டிய கம்பி குளத்தடிக் கமக்காரனுக்காக நின்று செல்லவில்லை.

1905 ஓகஸ்ட் முதலாந் திகதி வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்று யாழ்ப்பாணம் கொழும்புடன் இணைக்கப்பட்டது. வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்னும் பெயர்கள் காட்டூர்ப் பெயர்களாயிருந்த நிலை மாறி நிலையப் பெயர்களாயின. இப்பாதை வன்னியின் பொருட்டுப் போடப்பட்டதன்று. யாழ்ப்பாணத்தை எட்டுவதற்கு வன்னியைக் கடக்கவேண்டியிருந்தமையாற் போடப்பட்டது. எனினும் கடந்துசென்ற பாதை தன் இரு மருங்கிலும் ஊர்களை உண்டாக்கியது. அதே பாதை வன்னியின் உள்ளேயே ஒரு பாகுபாட்டையும் ஏற்படுத்தியது என்பது பலர் நோக்காத உண்மையாகும். முல்லைத்தீவு கடலோரப் பழம்பட்டினம். பிரித்தானியர் காலத்தில் நிருவாக நிலையம். ஆனால் புகையிரதம் அதனைத் தீண்டவில்லை. மாங்குளத்திலிறங்கி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் கிழக்கே சென்றாலன்றி முல்லைத்தீவை அடைதல் இயலாதாயிற்று. அன்று தொட்டு இன்றுவரை தொடர்புவசதி எதுவாயினும் கண்டி வீதி வழியே முதலில் வந்து, கிழக்கே செல்லச் செல்ல மெலிந்துபோவதைக் காணலாம். தண்டவாளத்துக்கு நேர்ந்தது பின்னர் மின்கம்பிக்கும் தொலைபேசிக் கோபுரத்துக்கும் நேர்ந்தது.

இரணைமடுக் குளத்தின் கட்டுவேலை 1902 இல் தொடங்கப்பெற்று 1920களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலப்பசியையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இற் கிளிநொச்சியிற் குடியேற்றம் ஏற்படுத்தப்பட்டது. பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிற் படித்த வாலிபர்க்கான குடியேற்றத் திட்டங்கள் உருவாகின. கச்சேரியிலோ பாடசாலையிலோ உத்தியோகம் பார்க்கவேண்டியவரெனக் கருதப்பட்ட இளைஞர் மண்வெட்டியுடன் காட்டுக்குட் புகுந்தமை ஈழத்துத் தமிழர் சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். 1970 இலிருந்து 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வன்னியின் செம்மண்ணிற் செத்தல் மிளகாய் செல்வமாக விளைந்தது. உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வாங்கியோர் பலர். கல்வீடு கட்டியோரும் உளர்.

அச்செழிப்பின் போதும் விலையைத் தீர்மானித்தவன் விளைவித்தவன் அல்லன். கொழும்பு நாலாங் குறுக்குத் தெருவில் அன்று காலை மிளகாய் என்ன விலை போயிற்று என்பதை லொறியுடன் வந்த முதலாளி அறிவார், கமக்காரன் அறியான். அவர் சொன்னதே விலையாயிற்று. தொலைபேசி அரச பணிமனைகள், பெரிய கடைகள், வசதியுடைய சில வீடுகள் என்பவற்றுக்கு அப்பாற் பரவாத காலம் அது. தந்தி என்றால் மரணச் செய்தி என்றே கிராமத்தவர் அஞ்சினர். விலை கேட்டுத் தந்தியடிக்கும் வழக்கம் அவர்களிடம் வேரூன்றவில்லை. 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டபோது இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் சந்தையை நிரப்பின. விலை வீழ்ந்தது. உலகச் சந்தையுடன் வன்னியை இணைத்த முதற் பேரலை இதுவெனலாம். அந்த இணைப்பிற் கமக்காரன் கண்டது வீழ்ச்சியையே என்பது இன்றைய இணையவழி வணிகத்தின் புகழ் பாடுவோர் சிந்திக்கவேண்டியதொன்றாகும்.

இவ்விடத்திற் பழைய வணிக முறையொன்றையுங் குறிப்பிடல் பொருந்தும். தொலைவிலிருந்து பொருளை வரவழைத்தல் இணையத்தோடு பிறந்த புதுமையன்று. பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு கொழும்புக்குக் கடிதமெழுதி, வீ.பி.பி. முறையிற் பொதி தபாற் கந்தோருக்கு வந்ததும் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. புத்தகம், கைக்கடிகாரம், மருந்து ஆகியன இவ்வாறு வாங்கப்பட்டன. பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் இன்றைய முறையின் பாட்டன் இதுவே. விளம்பரத்தை வாசிக்கத் தெரிந்த, தபாற் கந்தோருக்கு எட்டிய தூரத்தில் வாழ்ந்த எவர்க்கும் அது திறந்திருந்தது. ஆனால் வன்னிக் கமக்காரன் தன் மிளகாயை வீ.பி.பி. யில் விற்றதில்லை. வாங்குவதற்கு வழி இருந்தது, விற்பதற்கு இருக்கவில்லை. இவ்வொருதிசைத் தன்மையே இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படப்போகும் பொருளாகும்.

முல்லைத்தீவு 1970களின் இறுதியிலும், கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாக்கப்பட்டன. நிருவாக அலகுகள் உருப்பெற்றன. தேசிய மின்வலையமைப்புக் கிளிநொச்சியூடாகச் சுன்னாகம் வரை எட்டியிருந்தது. யாழ்தேவி நாள்தோறும் ஓடியது. 1989 இற் கொழும்பிற் செல்ரெல் நிறுவனம் செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தென்னாசியாவிலேயே முதலாவது அத்தகைய சேவை அதுவெனப் பெருமையாகப் பேசப்பட்டது. 1990 ஜூன் மாதத்தில் விடுதலைப் புலிகட்கும் அரசாங்கத்துக்குமிடையே போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் அற்றது. கம்பித் தொலைபேசியும் ஓய்ந்தது. ஒரே தீவின் ஒரு முனையிற் கம்பியில்லாத் தொலைபேசி வந்த மறு ஆண்டில், மறு முனையிற் கம்பியுள்ள தொலைபேசியும் இல்லாமற் போனது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும் ஒருவர் எண்ணிம இடைவெளிக்கு வேறு வரைவிலக்கணம் தேடவேண்டியதில்லை.

தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையின் காலம் தனி நூலாக எழுதப்படவேண்டியது. எரிபொருள், சீமெந்து, உரம், பற்றரி எனத் தடைசெய்யப்பட்டவையும் கட்டுப்படுத்தப்பட்டவையும் பல. இவற்றுட் பற்றரித் தடை செய்தித் தொடர்போடு நேரே தொடர்புடையது. சிறு மின்கலம் இல்லையேல் வானொலி இல்லை. வானொலி இல்லையேல் உலகம் இல்லை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர் மக்கள். பிபிசி தமிழோசை ஒலிக்கும் வேளையில் ஒரு வீட்டு முற்றத்தில் ஊரே கூடியது. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தல் விளக்கு வந்தது. மோட்டார் சைக்கிளைச் 'சூப்பி'யிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 1905 இல் வந்த புகையிரதப் பாதையின் முடிவு இது.

இக்காலத்து வன்னியைத் தொழில்நுட்பமற்ற சமுதாயம் எனக் கூறுதல் தவறாகும். கையிற் கிடைத்தவற்றைக் கொண்டு தொழில்நுட்பத்தை உண்டாக்கிய சமுதாயம் என்பதே பொருத்தம். இருப்பினும் இத்திறனைக் கண்டு உவகை கொள்வதோடு அமைந்துவிடலாகாது. உண்டாக்கப்பட்டவை யாவும் உயிர்தாங்கும் கருவிகளே. அவை செல்வம் ஈட்டித் தரும் கருவிகளாகும் வாய்ப்பிருக்கவில்லை. தடைக்காலத்துப் புத்தாக்கங்களை வீரச் செயல்களாக மட்டும் எழுதும் போக்கு, தடையின் கொடுமையைப் பின்னுக்குத் தள்ளிவிடும் ஆபத்துடையது.

1995 இற் கொழும்பில் இணையம் வணிகச் சேவையாக அறிமுகமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அவர்களுட் பலர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியைச் சேர்ந்தனர். 1996 இற் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு மாறவே, கிளிநொச்சியின் கடைகள் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் பெயர்ந்தன. உள்ளூர்ச் சிற்றூர்களாயிருந்த இவை சில திங்களில் நகரங்களாகத் தோற்றம் பெற்றன. 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை கண்டி வீதியையே போர்க்களமாக்கியது. அரசாங்க அதிபர் பணிமனையும் வைத்தியசாலையும் பாடசாலையும் அரசின் செலவிலேயே இயங்கின. இடம்பெயர்ந்தோர்க்கு நிவாரணம் குடும்ப அட்டையின்படி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக வழங்கப்பட்டது. வாங்குவதும் விற்பதும் அட்டையாலும் அனுமதியாலும் ஆளப்பட்ட ஒரு பொருளாதாரம் அது. அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா நகருக்குட் செல்வதற்குப் 'பாஸ்' வேண்டியிருந்தது. பிள்ளை கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருந்தால், அவனுடைய குரலைக் கேட்பதற்குத் தாய் முதலில் ஒரு பாஸ் எடுக்கவேண்டும். அதன்பின் வவுனியாத் தொலைதொடர்பு நிலையமொன்றிற் காத்திருக்கவேண்டும்.

இச்சூழலிற் பணம் எவ்வாறு பயணஞ் செய்தது என்பது ஆராயத்தக்கது. வங்கிகள் எட்டாதவிடத்தும் எட்டியது உண்டியல் முறை. ரொறன்ரோவில் அல்லது சூரிச்சில் ஒருவர் முகவரிடம் பணத்தைக் கொடுப்பார். முகவர் தொலைபேசியாலோ தொலைநகலாலோ கொழும்பிலுள்ள தம் கூட்டாளிக்குப் பெயரையும் தொகையையும் அறிவிப்பார். கூட்டாளி தம் கையிலுள்ள பணத்தை உரியவர்க்குச் சேர்ப்பிப்பார். இருவர்க்குமிடையிலான கணக்குப் பின்னர் பொருளாலோ எதிர்ப்பக்கப் பணத்தாலோ தீர்க்கப்படும். பணம் எல்லையைக் கடப்பதில்லை. செய்தி மாத்திரமே கடக்கின்றது. இன்று மின்னியற் பணமாற்று என வழங்கப்படுவதன் உட்கருவும் இதுவன்றோ? வேறுபாடு நம்பிக்கையின் இருப்பிடத்திலேயே உள்ளது. வங்கியில் அது சட்டத்தில் இருக்கின்றது; உண்டியலில் ஊரிலும் உறவிலும் இருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து கொழும்புவரை செய்தி கம்பியிற் சென்றது. கம்பியற்ற வன்னிக்குள் அது ஆளின் கையிலேயே செல்லவேண்டியிருந்தது. உலகப் பொருளாதாரத்தின் அதிவேகப் பகுதியும் அதிமந்தப் பகுதியும் ஒரே கொடுக்கல்வாங்கலில் இணைந்திருந்தமை இதனாற் பெறப்படும். உண்டியலைச் சட்டவிரோதப் பணமாற்றென ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோர், வேறு வழி யாது இருந்தது என்னும் வினாவுக்கு விடை கூறுவதில்லை. அதே வேளை, முகவர்கள் தரகுப் பணத்தை அறவிட்டனர் என்பதையும், பணம் சேராவிடத்து முறையிட ஒரு நீதிமன்றமும் இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

2002 ஜனவரியிற் பொருளாதாரத் தடையின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8 ஆந் திகதி கண்டி வீதி திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்பினரது சோதனை நிலையங்களும் நின்றன. பொருள்களுக்கு இரு தரப்பிலும் தீர்வையுங் கணக்கும் இருந்தன. இருந்தபோதிலும் பன்னிரண்டாண்டு மூடிய வாயில் திறந்தமை ஒரு பெருநிகழ்ச்சியே. கிளிநொச்சியிற் கடைத்தெரு மீண்டும் எழுந்தது. தெற்கிலிருந்து துவிச்சக்கர வண்டியும் தளபாடமும் நெகிழிப் பொருளும் லொறி லொறியாய் வந்தன. உள்ளூர்க் கைத்தொழிலுக்கு அது நன்மையாய் முடிந்ததா என வினவிய குரல்களும் அன்றே எழுந்தன.

இக்காலப்பகுதியிலேயே இலங்கை அரசாங்கம் உலக வங்கியின் துணையோடு 'இ-சிறிலங்கா' என்னும் பெருந்திட்டத்தை முன்வைத்தது. கிராமங்கள்தோறும் கணினி நிலையங்களை அமைக்கும் 'நெனசல' முயற்சி அதன் ஓர் அங்கமாகும்; தமிழில் அறிவகம் எனப்பட்டது அதுவே. 1999 இல் நிறுவப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலைகளைக் கமக்காரர்க்கு உடனுக்குடன் அறிவிக்கும் முயற்சியும் இக்காலத்தே அரும்பியது. தம்புள்ளைப் பகுதிச் சிறு கமக்காரரிடையே நடத்தப்பெற்று 2008 இல் வெளியான லேர்ன்ஏசியா நிறுவனத்தின் ஆய்வு, அவர்களது மொத்தச் செலவில் ஏறக்குறைய 11 சதவீதம் தகவல் தேடுவதற்கே செலவாகின்றது எனக் கண்டது. விதைக்கும் உரத்துக்கும் செலவிடுவதை அறிந்திருந்த பொருளியலாளர், 'விலை என்ன' என்று கேட்பதற்கும் ஒரு செலவுண்டு என்பதை எண்ணிட்டு அறிந்தது இவ்வாறே. ஆனால் இவ்வாய்வு நடந்த நாளில் வன்னியில் நிகழ்ந்ததோ வேறு. 2006 ஓகஸ்ட் 11 ஆந் திகதி முகமாலைப் பாதை மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆந் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. வீட்டையும் நிலத்தையும் உறவினரையும் இழந்து, செட்டிக்குளம் முகாம்களிற் கம்பிவேலிக்குட் கிடந்த மக்களுக்குத் தகவல் என்பதன் பொருள் ஒன்றே: யார் உயிருடன் இருக்கின்றார் என்பது. அந்த வினாவுக்கு இன்றுவரை விடை பெறாத தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்திருக்கக் கண்டோர் இதனை மிகையென்னார்.

மீள்குடியேற்றத்தின் பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் வேகம் வியப்புக்குரியது. கூரையற்ற வீடுகளின் நடுவே தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. தகரக் கொட்டிலில் வாழ்ந்தவர் கையிலும் செல்லிடத் தொலைபேசி இருந்தது. 2012 - 2013 அளவிற் கிளிநொச்சி மீண்டும் தேசிய மின்வலையமைப்போடு இணைந்தது. 2013 செப்டெம்பரிற் புகையிரதம் கிளிநொச்சிக்குத் திரும்பியது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கின. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கருவி என்ற அளவில் நோக்கின் இருபதாண்டு இடைவெளி ஏறக்குறைய ஐந்தாண்டில் மூடப்பட்டதெனலாம்.

ஆயின் புள்ளிவிபரம் வேறொன்று கூறுகின்றது. 2012 / 13 ஆம் ஆண்டு வீட்டுவருமான செலவின அளவீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் வறுமை 28.8 சதவீதம், நாடளாவிய வீதம் 6.7. இலங்கையின் மாவட்டங்கள் அனைத்திலும் உயர்ந்தது அதுவே. 2016 இல் அந்த முதலிடம் கிளிநொச்சிக்குப் போயிற்று: 18.2 சதவீதம், நாடளாவிய வீதம் 4.1. கோபுரம் வந்தது, வீதி காபற்றாயிற்று, புகையிரதம் வந்தது. வறுமை ஒரு மாவட்டத்திலிருந்து அயல் மாவட்டத்துக்கு முதலிடத்தைக் கைமாற்றியது.

இதற்குக் காரணம் யாது? திறந்த வாயிலூடாக முதலில் நுழைந்தவர் யாவர் எனப் பார்த்தல் வேண்டும். தொலைபேசி நிறுவனங்களுக்கு அடுத்தபடியாக வந்தவை லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களுமே. உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் தவணைக்குக் கிடைத்தன. குழுவாகச் சேர்ந்த பெண்களுக்குக் கடன் வாசலிலேயே வழங்கப்பட்டது. போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தலைமை தாங்கிய பெண்கள் ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்றனர். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் திட்டமொன்றை அறிவிக்கவும், மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தமை நிலைமையின் கடுமையைக் காட்டும். உச்சவரம்பே 35 எனின் அதற்கு முன்னிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இணையவழி வணிகமும் இதே வாயிலூடாகவே வந்தது. கப்றுக்கா 2003 முதல் இயங்கியது. வெளிநாட்டிலுள்ளோர் ஊரிலுள்ளோர்க்கு அன்பளிப்பனுப்ப அது பெரிதும் பயன்பட்டது. பின்னர் தராஸ் போன்ற பெருஞ்சந்தைகள் எழுந்தன. தராஸை 2018 இற் சீனத்தின் அலிபாபா நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. 2012 இல் 'ஈசி காஷ்' என்னும் செல்லிடப் பணச் சேவையும் அறிமுகமானது. இன்று விசுவமடுவிலிருந்து தொலைபேசியில் தொட்டால் சீனத்திற் செய்த பொருள் வாசலுக்கு வந்துவிடுகின்றது. விசுவமடுவில் விளைந்தது எங்கேனும் எவர் வாசலுக்கேனும் அவ்வாறு செல்கின்றதா என வினவின், விடை மிகச் சிறியதே. ஒடியல் மா, கருவாடு, மிளகாய்த் தூள் முதலியன புலம்பெயர்ந்தோர்க்குப் பொதியாகச் செல்வதுண்டு. ஆனால் அதன் பணம் வரும் வழி? பேபால் போன்ற அனைத்துலகச் சேவைகள் இலங்கையர்க்கு வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் வசதியை நெடுங்காலம் வழங்கவில்லை. செலுத்தலாம், பெறலாகாது. எனவே விற்பவர் உறவினரின் வங்கிக் கணக்கையோ பழைய உண்டியலையோ நாடவேண்டியவரானார். வீ.பி.பி. காலத்து ஒருதிசைப் பாதை புதிய உடை தரித்து நிற்பதை இங்குக் காணலாம்.

இவ்விடத்துக் கேரளத்து உதாரணமொன்று பயன்தரும். 1997 - 2001 காலப்பகுதியில் வடகேரளக் கரையோரத்திற் செல்லிடத் தொலைபேசி பரவியபோது மத்திச் சந்தையில் விளைந்த மாற்றத்தை றொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். கடலில் நின்றவாறே கரைச் சந்தைகளின் விலையறிந்த மீனவர், விலை கூடிய துறைக்கே வள்ளத்தைத் திருப்பினர். வீணாகும் மீன் அற்றுப்போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர்க்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தொலைபேசி வறுமையை ஒழிக்கும் என்று வாதிப்போர் அனைவரும் இவ்வாய்வை எடுத்துக்காட்டுவர். ஆயின் பின்வந்த ஆய்வாளர் சிலர் அதே கேரளத்துக்குச் சென்று மறுபக்கத்தையும் கண்டனர். கடன்பட்ட மீனவன் தனக்குக் கடன் தந்த முகவரிடமே மீனைக் கொடுக்கவேண்டியவன்; அடுத்த துறையின் விலையை அறிந்தும் அவனால் வள்ளத்தைத் திருப்ப இயலாது. முல்லைத்தீவுக் கரையோரத்துக்கும் இது பொருந்தும். வலைக்கும் இயந்திரத்துக்கும் சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றவன் கையிலிருக்கும் தொலைபேசி அவனுக்கு விலையைச் சொல்லும்; விற்கும் உரிமையைக் கொடாது. தொலைபேசி ஓர் அறிவிப்புக் கருவி. கடன் பத்திரத்தை அது கிழிப்பதில்லை.

நெல்லின் கதையும் இதற்கு அயலானதன்று. 1971 இல் நிறுவப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு நெல்லைக் கொள்வனவு செய்யவென அமைந்தது. காலபோக அறுவடை முடிந்து, ஈர நெல் வீதியோரத்திற் குவிந்திருக்கையிற் சபையின் களஞ்சியம் திறக்கத் தாமதித்தால், தெற்கிலிருந்து வரும் தனியார் லொறிகளே கதியாகும். பொலநறுவைப் பேராலைகளின் விலை கமக்காரனுக்கு இன்று தெரியாததன்று, தொலைபேசியிற் கேட்டறியலாம். ஆனால் நெல்லைக் காயவைக்கத் தளமில்லை, சேமிக்கக் களஞ்சியமில்லை, உழவு இயந்திரத்தின் லீசிங் தவணை நாளையே கட்டவேண்டும். அறிந்த விலைக்கும் பெற்ற விலைக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிம இடைவெளி என்று சொல்வதா, வேறு பெயரிடுவதா? அண்மைய கட்டுரையாளர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். மரக்கறிக்கு உள்ளூரிலேயே மொத்தச் சந்தை வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில் வவுனியாவிற் பொருளாதார மத்திய நிலையம் அமைக்க முடிவானபோது, அதனை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என 2016 இல் அரசியல்வாதிகளிடையே மூண்ட பிணக்கில் மாதங்கள் கழிந்தன. அக்காலமெல்லாம் வன்னியின் மரக்கறி தம்புள்ளைக்குச் சென்று, அங்கு விலையிடப்பெற்று, மீண்டும் வடக்கே வந்தது.

மொழியையும் ஒரு சொல் கூறாது விடலாகாது. தமிழ் எழுத்துக்கு யூனிகோட் குறியீடு 1991 இலேயே இடமளித்தது. ஆயினும் ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவ்வெழுத்து வெறுங் கிறுக்கலாகத் தோன்றும். வணிகத் தளங்கள் பலவும் ஆங்கிலத்தில் முதலிலும் சிங்களத்தில் அடுத்தும் பேசின. தமிழ் வந்தவிடத்தும் மொழிபெயர்ப்பு விளங்குவதாயில்லை. 'கொமியூனிகேசன்' என மக்கள் வழங்கும் தொலைதொடர்புக் கடைகள் பலவற்றில் இன்றும் ரீலோட் விற்பனைக்கு அடுத்தபடியாக நடப்பது, பிறர்க்காகப் படிவம் நிரப்பும் தொழிலே. பழைய காலத்திற் கச்சேரி வாசலில் மேசை போட்டிருந்த பெட்டிசம் எழுதுவோரின் வாரிசுகள் இவர்கள்.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தது. பல மணிநேர மின்வெட்டு, மண்ணெண்ணெய்க்கு நெடுவரிசை, துவிச்சக்கர வண்டிக்குக் கிராக்கி: தென்பகுதியினர் புதிதாகக் கண்ட இவை வன்னியின் நடுத்தர வயதினர்க்குப் பழையன. ஜூலை மாதத்தில் எரிபொருள் அனுமதி, இணையவழிப் பதிவின் மூலம் பெறப்படும் கியூஆர் குறியீட்டுக்கு மாற்றப்பட்டது. தொலைபேசித் திரையிற் காட்டினால் எரிபொருள் கிடைக்கும். திரையுள்ள தொலைபேசி இல்லாதோர் கொமியூனிகேசனுக்குச் சென்று, அங்குள்ள இளைஞரிடம் அடையாள அட்டையையும் வாகனப் புத்தகத்தையும் கொடுத்துப் பதிவுசெய்வித்தனர். வந்த குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு, நனையாதிருக்க நெகிழியுறையிட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டனர். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. நிவாரண அட்டையையும் வவுனியாப் பாசையும் வைத்திருந்த அதே பெட்டிக்குள் அந்தக் குறியீட்டையும் எறியாது வைத்தவர் சிலராயிரார்.